வாள் முகத்துக்கு எகிறுகிறது!

கேள்வி: மாரிக்கு முன் மாமரக் கொப்புகளைத் தறிக்க பற்றரியில் ஓடும் செயின் வாள் வாங்கினேன். செயின் அடிக்கடி கழருகிறது. நேற்று வாள் திடீரென்று முகத்துக்கு நேரே எகிறியது. மெசின் பழுதா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: எகிறியதற்கு மெசினில் பழுது தேட வேண்டாம், தம்பி. வாளின் நுனியில் மேல்பாதி இன்னொரு கொப்பில் முட்டினால், ஓடும் செயின் அதைக் கடித்து வாளையே பின்னால் தூக்கி அடிக்கும். மாமரத்தில் கொப்புகள் நெருக்கம், லேசில் நடந்துவிடும். நுனியால் வெட்டவே வேண்டாம். இரண்டு கையாலும் பிடியுங்கள். இடது பெருவிரல் முன்பிடியைச் சுற்றி இருக்கட்டும். தலை வாளுக்கு நேரே வரக்கூடாது. ஏணியில் நின்று வெட்ட நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன். உயரக் கொப்புக்குத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் செயின். தொடுவதற்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள், சுவிட்சை விட்டால் மட்டும் போதாது. புதுச் செயின் ஓட ஓட நீளும், அடிக்கடி இறுக்க வேண்டும். ஆறிய பிறகு இறுக்குங்கள். வாளின் கீழ்ப்பக்கத்தில் செயின் தொங்கக் கூடாது. ஆனால் கையுறை போட்டு இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். செயினுக்கு ஒயில் வருகிறதா என்று அறிய, நுனியைப் பழைய அட்டைக்கு மேலே பிடித்து ஓடவிடுங்கள். அட்டையில் ஒயில் கோடு விழும்.

நம் கரையோர மணல் செயினுக்குப் பெரிய எதிரி. விழுந்த கொப்பை நிலத்தில் வைத்து அரியாமல் கட்டை மேல் தூக்கி வையுங்கள். சீவலாக விழ வேண்டியது மாவாக விழுந்தால், அரம் போடும் நேரம் வந்துவிட்டது.

சுடச்சுட இருக்கும் பற்றரியை உடனே சார்ஜில் போட வேண்டாம், ஆறட்டும்.