விட்மனின் கடிதங்களும் அவர் சுற்றிய ஊர்களும்: கேள்வி பதில்

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் எழுதிய கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள், அவர் வாழ்ந்த புரூக்ளின், நியூயார்க், வாஷிங்டன், கேம்டன் தெருக்கள். இந்த எல்லைக்குள் கேளுங்கள். கவிதைக்குப் பொழிப்புரை கேட்டால் பதில் வராது.

கேள்வி: கடிதங்களை எங்கே படிக்கலாம்? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். வால்ட் விட்மன் ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசம். கடிதத்தின் படமும் எழுத்துப்பெயர்ப்பும் குறிப்பும் அங்கே சேர்ந்தே கிடைக்கும். அச்சில் வேண்டுமென்றால், எட்வின் ஹேவிலண்ட் மில்லர் தொகுத்து 1961 முதல் 1977 வரை வெளிவந்த தொகுதிகள் நூலகங்களில் உண்டு.

கேள்வி: ஒரு கடிதத்தின் தலைப்பில் "செவ்வாய், ஏப்ரல் 21" என்று மட்டும் இருக்கிறது. ஆண்டு இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. முதலில் கிழமையை வைத்து வடிகட்டுங்கள். அவர் வளர்ந்து எழுதிய காலத்தில் ஏப்ரல் 21 செவ்வாயில் விழுந்த ஆண்டுகளில் 1857, 1863, 1868, 1874 ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்வோம். அடுத்தது ஊர். 1857 என்றால் புரூக்ளின். 1863 என்றால் வாஷிங்டன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம், பேச்செல்லாம் ராணுவ மருத்துவமனை. 1868-லும் வாஷிங்டன்தான், ஆனால் அப்போது அவர் அட்டர்னி ஜெனரல் அலுவலகக் குமாஸ்தா. 1874-க்குள் பக்கவாதம் வந்து (1873 ஜனவரி), தாயும் இறந்து, கேம்டனில் தம்பி ஜார்ஜின் வீட்டில் இருக்கிறார். கடிதத்தில் வார்டும் காயம்பட்ட சிப்பாயும் வந்தால் 1863, வேலை முடிந்தது. சார்ஜென்ட் தாமஸ் சாயருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் அந்த நாளில் எழுதியதுதான்.

உறை கிடைத்தால் தபால்தலையையும் பாருங்கள். உள்நாட்டுக் கடிதத்துக்கு அரை அவுன்ஸுக்கு 3 சென்ட் என்ற கட்டணம் 1883 அக்டோபர் 1 அன்று 2 சென்ட்டாகக் குறைந்தது. போர் தொடங்கிய 1861-ல் பழைய தலைகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே பழைய தலை ஒட்டிய உறை 1863 கடிதத்தோடு வந்தால், உறை வேறு கடிதத்துடையது. உறைகள் மாறிப்போவது சர்வ சாதாரணம். அஞ்சல் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அந்தக் கால முத்திரைகள் பலவற்றில் ஊர், மாதம், தேதி இருக்கும், ஆண்டு இருக்காது.

எதையும் மேற்கோள் காட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: கை யாருடையது, சொல் யாருடையது, கடிதம் உண்மையில் அனுப்பப்பட்டதா. விட்மன் வரைவுகளைத் தூக்கி எறியாதவர். அவரிடம் எஞ்சியது பெரும்பாலும் வரைவு. பெற்றவரிடம் எஞ்சியதுதான் கடிதம்.

கேள்வி: லிங்கனைச் சந்தித்தாரா? கடிதம் எழுதிக்கொண்டார்களா?

இல்லை. தெருவில் பார்த்தார், தலையசைப்பு நடந்தது. அவ்வளவுதான்.

கேள்வி: மருத்துவமனையில் அவர் உண்மையில் என்ன செய்தார்? நர்ஸ் என்கிறார்களே.

சம்பளம் வாங்கிய நர்ஸ் அல்ல. 1862 டிசம்பரில் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் காயம்பட்ட ஜார்ஜைத் தேடிப் போனவர் வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். காலையில் ராணுவச் சம்பளப் பட்டுவாடா அலுவலகத்தில் சில மணி நேரம் நகலெடுப்பு, அதில்தான் சாப்பாடு. மிச்ச நேரம் ஆர்மரி ஸ்கொயர், கேம்பெல் போன்ற மருத்துவமனைகள்.

கையில் ஒரு சின்னக் குறிப்பேடு. அதில் படுக்கை எண்ணும் தேவையும். 52-ஆம் படுக்கைக்காரருக்குத் தொண்டைப் புண், நல்ல புத்தகமும் இருமலுக்கான மூலிகை மிட்டாயும் வேண்டும். 6-ஆம் படுக்கைக்காரருக்கு மஞ்சள்காமாலை, எதைத் தின்றாலும் குமட்டல். ஆரஞ்சும் கொஞ்சம் புளிப்பு ஜெல்லியும் கொண்டுவர வேண்டும். அடுத்த நாள் பையில் இவை இருக்கும். கூடவே புகையிலை, காகிதம், தலை ஒட்டிய உறை, சில்லறை நோட்டுகள். பணம் சொந்தக் கையிலிருந்து மட்டும் வரவில்லை. தம்பி ஜெஃப் வேலைபார்த்த புரூக்ளின் குடிநீர்த் துறையின் பொறியாளர் மோசஸ் லேன் போன்றவர்கள் வசூலித்து அனுப்பினார்கள். 1864 ஜூனில் கார்வர் மருத்துவமனையில் சுமார் பத்து கேலன் ஐஸ்கிரீம் வாங்கி, பெரிய வார்டுகள் பதினைந்தில் தானே சுற்றிக் கொடுத்ததாகத் தாய்க்கு எழுதுகிறார். அந்த மாதத்திலேயே உடம்பு கெட்டு புரூக்ளின் திரும்பினார்.

சிப்பாய்களுக்காக எழுதிய கடிதங்கள் இரண்டு வகை. இவற்றைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஒன்று, இறந்தவரின் வீட்டுக்கு விட்மன் தன் பெயரில் எழுதியது. 141-ஆவது நியூயார்க் படைப்பிரிவின் குழலூதி எராஸ்டஸ் ஹாஸ்கெல் 1863 ஆகஸ்ட் 2, ஞாயிறு அன்று ஆர்மரி ஸ்கொயரில் டைஃபாய்டில் இறந்தார். எட்டு நாள் கழித்து அவருடைய பெற்றோருக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். படுக்கைக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் குழல் கிடக்கிறது. விட்மன் அதைப் பார்ப்பதைக் கண்டு, குணமானால் ஒரு பாட்டு வாசிக்கிறேன், ஆனால் இன்னும் அவ்வளவாக வராது என்கிறான் பையன். தேசபக்தி முழக்கத்தை விட்டுவிட்டு இதைத்தான் பெற்றோருக்குச் சொல்கிறார்.

மற்றொன்று, சிப்பாய் சொல்லச் சொல்ல எழுதியது. எழுதத் தெரியாத ராபர்ட் ஜாபோ என்ற நியூஹாம்ப்ஷயர் சிப்பாய் காசநோயோடு படுத்திருக்க, அவர் மனைவிக்கு 1866 ஜனவரி 21 அன்று எழுதிய கடிதம் 2016-ல் தேசிய ஆவணக்காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்பில் அகப்பட்டது. அடியில், எழுதியவர் வால்ட் விட்மன், ஒரு நண்பர் என்ற குறிப்பு. ஏன் ஓய்வூதியக் கோப்பு? கணவனை இழந்தவர் உறவை நிரூபிக்கப் பழைய கடிதங்களைச் சாட்சியாகக் கொடுப்பார்; கொடுத்தது அங்கேயே தங்கிவிடும். இந்தக் கடிதத்தில் கை விட்மனுடையது, செய்தி ஜாபோவுடையது. "விட்மன் தன் மனைவிக்கு எழுதியது" என்று யாரோ பகிர்ந்த படம் இன்னும் சுற்றுகிறது. அவருக்கு மனைவியே கிடையாது.

கேள்வி: அரசாங்க அலுவலகத்தில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கடிதங்கள் கண்டுபிடிக்கப்பட்டனவாமே?

விட்மன் ஆய்வாளர் கென்னத் பிரைஸ் தேசிய ஆவணக்காப்பகத்தில் சுமார் 3,000 தாள்களை அடையாளம் கண்டார். 2011-ல் செய்தி வந்தது. அட்டர்னி ஜெனரல் அலுவலகப் பதிவேடுகளில் விட்மன் எடுத்த நகல்கள் அவை. கை அவருடையது, சொல் மேலதிகாரியுடையது. எந்த நாளில் எந்த விவகாரம் அவர் கண்ணில் பட்டது என்று காட்ட உதவும். கருத்தென்று மேற்கோள் காட்ட உதவாது.

கேள்வி: எமர்சனின் கடிதத்தைக் கேட்காமல் அச்சிட்டது திருட்டு இல்லையா?

வரிசை இது. 1855 ஜூலையில் புரூக்ளினில் ரோம் சகோதரர்களின் அச்சகத்தில் அவருடைய கவிதை நூலான "புல்லின் இதழ்கள்" முதல் பதிப்பு, 795 படிகள். ஜூலை 21-ல், அப்போதே புகழ்பெற்ற எழுத்தாளரான எமர்சன் பாராட்டிக் கடிதம் எழுதுகிறார். அக்டோபர் 10-ல் அது நியூயார்க் டிரிப்யூனில் வருகிறது. 1856-ல் இரண்டாம் பதிப்பின் முதுகில், பெரிய வாழ்வொன்றின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்துகிறேன் என்ற வாசகம் எமர்சன் பெயரோடு தங்க எழுத்தில். அனுமதி கேட்கவில்லை. திருட்டு என்பது உங்கள் சொல், மரியாதைக்குறைவு என்பேன்.

இன்னொருவர்: அந்தக் காலத்தில் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பது சகஜம். டிரிப்யூன் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த சார்லஸ் டேனாதானே கேட்டு வாங்கினார்? எமர்சனுக்கே கோபமில்லை. டிசம்பரில் புரூக்ளின் வந்து பார்த்தாரே.

டேனா தூண்டியது சரி. எமர்சன் 1855 டிசம்பரில் வந்ததும் சரி. ஆனால் அவர் வந்தது டிரிப்யூன் விஷயத்துக்குப் பின், தங்க எழுத்துக்கு முன். பத்திரிகையில் வந்ததைப் பொறுத்தவர் புத்தக முதுகில் வந்ததையும் பொறுத்தார் என்பதற்கு அந்த வருகை சாட்சியாகாது. தேதியைப் பாருங்கள்.

முதலில் கேட்டவர்: ஆக, விளம்பரத்துக்காக நட்பை விற்றார்.

விளம்பரம் என்பதில் சந்தேகமே இல்லை. தன் நூலுக்குத் தானே பெயர் போடாமல் மதிப்புரை எழுதியவர் அவர். 1856 பதிப்பின் பின்னிணைப்பில் எமர்சனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, முதல் பதிப்பு ஆயிரம் அச்சிட்டேன், உடனே விற்றது என்கிறார். 795-தான், அதுவும் விற்கவில்லை. கடிதமா, துண்டறிக்கையா என்று பிரிக்க முடியாத எழுத்து இது.

ஆனால் நட்பு முறியவில்லை. 1863 ஜனவரியில் விட்மனுக்கு வேலை கேட்டு அமைச்சர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர் அதே எமர்சன். நிதியமைச்சர் சேஸ் என்ன செய்தார் தெரியுமா? இந்த ஆளுக்கு வேலை இல்லை என்றார். எமர்சனின் கையெழுத்து தன்னிடம் இல்லை என்று சொல்லிக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டார். கடிதத்தைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்களின் பட்டியலில் அவரையும் சேர்த்துவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.

கேள்வி: விட்மன் ஓரினச்சேர்க்கையாளரா? கடிதங்களில் ஆதாரம் உண்டா? (இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து)

மூவருக்கும் சேர்த்து ஒரே பதில். நான்காவது முறை எழுதப்போவதில்லை.

பீட்டர் டாய்ல் அயர்லாந்தில் பிறந்து, உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் ராணுவத்தில் இருந்து, பிறகு வாஷிங்டனில் குதிரை டிராமில் வேலை பார்த்தவர். அவர் கண்டக்டர். ஓட்டுநர் என்று எழுதாதீர்கள். 1865-ல் அறிமுகம். விட்மன் அவருக்கு எழுதிய கடிதங்களை விட்மனின் நண்பரான மருத்துவர் பக் 1897-ல் நூலாக்கினார். டாய்ல் எழுதியவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே உரையாடலின் ஒரு பக்கம்தான் கையில் இருக்கிறது.

1870 ஜூலையில் விட்மனின் குறிப்பேட்டில் ஒரு பதிவு: "16.4" என்பவரைத் துரத்துவதை இந்த நொடியோடு அடியோடு விட வேண்டும் என்று தனக்குத் தானே ஆணை. ஆங்கில அகரவரிசையில் 16-ஆவது எழுத்து பி, 4-ஆவது டி. அந்தப் பதிவில் ஆண்பால் சுட்டை அழித்துப் பெண்பாலாக்கிய தடம் தாளில் தெரிகிறது. அந்த மாதம் 30-ஆம் தேதி, விடைபெற்று புரூக்ளின் வந்தபின், டாய்லுக்கு எழுதுகிறார்: நான் கூட இருப்பதை நீ இவ்வளவு பெரிதாக நினைக்கிறாய் என்று கனவிலும் எண்ணவில்லை, எல்லாம் என் பக்கம்தான் என்று முட்டாள்தனமாக இருந்துவிட்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். குறிப்பேடு யாரும் பார்க்கக் கூடாதென்று எழுதியது, கடிதம் ஒருவர் பார்க்க எழுதியது. இதற்கு மேல் எந்தப் பெயர்ப்பலகை மாட்டுவது என்பது உங்கள் விருப்பம்.

1890-ல் ஆங்கில எழுத்தாளர் சைமண்ட்ஸ் இதை நேரடியாகக் கேட்டபோது மறுத்து, எனக்கு ஆறு பிள்ளைகள் என்றார். ஒரு பிள்ளைக்கும் ஆதாரம் இல்லை.

கேள்வி: பிராட்வே வண்டிகளைப் பற்றி எழுதுகிறாரே, அது டிராமா?

இல்லை. ஆம்னிபஸ், தண்டவாளம் கிடையாது, கண்டக்டரும் கிடையாது. ஓட்டுநர் மேலே வெளியே உட்காருவார். இறங்க வேண்டியவர் உள்ளிருக்கும் வாரை இழுத்தால் அதன் மறுமுனை ஓட்டுநரின் காலில் சுண்டும். கூரைத் துளை வழியாகக் காசு போகும். விட்மன் உட்காருவது மேலே, ஓட்டுநருக்குப் பக்கத்தில். 1868 அக்டோபர் 9 அன்று டாய்லுக்கு எழுதியதில் பாதையும் தூரமும் உண்டு: 23-ஆவது தெருவிலிருந்து பௌலிங் கிரீன் வரை, ஒரு வழிக்கு மூன்று மைல். மதியவேளையில் இரண்டு மணி நேரம் இப்படிச் சுற்றுவது தனக்குத் தீராத பொழுதுபோக்கு என்கிறார். ஓட்டுநர்களின் பட்டப்பெயர்களைக்கூட எழுதி வைத்திருக்கிறார்: பிராட்வே ஜாக், கிழ யானை, அவர் தம்பி குட்டி யானை. காயம்பட்ட ஓட்டுநர்களைப் பார்க்க நியூயார்க் மருத்துவமனைக்குப் போன பழக்கம்தான் பின்னால் வாஷிங்டனில் பெரிதானது.

கேள்வி: புரூக்ளின் பாலத்தில் நடந்தபடிதானே படகுக் கவிதையை எழுதினார்?

"கிராசிங் புரூக்ளின் ஃபெர்ரி" கவிதை 1856. பாலம் திறந்தது 1883. தேதி, தேதி, தேதி.

கேள்வி: லிங்கன் அவருக்கு எழுதிய கடிதம்...

மேலே பாருங்கள்.

கேள்வி: பாரதிக்கு விட்மனைத் தெரியுமா?

தெரியும். "நகர்" என்ற கட்டுரையில் எழுதியிருக்கிறார். பாட்டு வசன நடைபோல இருக்கும் என்று அறிமுகப்படுத்துகிறார். மேற்கொண்டு பாரதி ஆய்வாளர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கேம்டன் வீட்டை வரைபடத்தில் தேடினால் மிக்கிள் தெரு வரவில்லை.

1884-ல் 1,750 டாலருக்கு வாங்கிய 328 மிக்கிள் தெரு வீடு இன்னும் நிற்கிறது. தெருவுக்கு இப்போது மார்ட்டின் லூதர் கிங் பெயர். அங்கே அவர் பேசியதை நண்பர் ஹொரேஸ் டிராபெல் ஒன்பது தொகுதிகளாகத் தந்திருக்கிறார். அவை டிராபெல் எழுதிக்கொண்ட பேச்சு. "விட்மன் எழுதினார்" என்று போடாதீர்கள்.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எந்தக் கடிதத்தில் தொடங்கலாம்?

1862 டிசம்பர் 29, தாய்க்கு எழுதியது. பிலடெல்பியாவில் ரயில் மாறும்போது பாக்கெட் அடித்துவிட்டார்கள். கையில் காசில்லாமல் வாஷிங்டன் முழுக்க ஜார்ஜைத் தேடுகிறார். முகாமை அடைந்ததும் மருத்துவமனை முன் முதலில் கண்ணில் படுவது வெட்டிக் குவித்த கைகால்கள். அதன்பின் 1863-ல் தாய்க்கு எழுதியவற்றைத் தேதி வரிசையில் படியுங்கள். டாய்ல் கடிதங்களை அதற்கப்புறம் எடுங்கள்.