கடற்கரைக்குச் சுற்றுலா வருகிறது: ஊர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: புதுச்சேரிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பேரூராட்சி எங்கள் ஊர். ஒட்டியுள்ள இரண்டு மீனவர் குப்பங்கள் ஊராட்சியில் சேர்ந்தவை. சில ஆண்டுகளாகச் சனி, ஞாயிறுகளில் கார்களும் வேன்களும் குவிகின்றன. ரிசார்ட் கட்ட வெளியூர்க்காரர்கள் நிலம் வாங்கியிருக்கிறார்கள். கடற்கரையை அழகுபடுத்தப் பேரூராட்சி ஆலோசனை கேட்டிருக்கிறது. நான் வியாபாரிகள் சங்கத்தில் இருக்கிறேன். எங்களுக்குக் கூட்டம் வந்தால் நல்லது. மீனவர்களுக்கோ பயம். இரு தரப்பும் சேர்ந்து ஒரு திட்டம் தயாரிக்க முடியுமா? எங்கே தொடங்குவது? எழுதிக் கொடுத்தால் அரசு ஏற்குமா?

பதில்: முடியும். ஆனால் முதல் கூட்டத்திலேயே “என்னென்ன வேண்டும்?” என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் எந்த ஊரிலும் ஒரே பட்டியல்தான் வரும்: நடைபாதை, உயர்கோபுர விளக்கு, உணவகம், சிறுவர் பூங்கா, ஊர்ப் பெயரை ராட்சத எழுத்தில் நிறுத்திப் படமெடுக்க ஒரு மேடை. (இந்த எழுத்து மேடை இல்லாத ஊர் இனிமேல் ஊரே இல்லை என்று ஆகிவிட்டது போலிருக்கிறது.) மணல் சும்மா கிடக்கிறது என்ற நினைப்பில் பிறக்கும் பட்டியல் அது. முதலில் கேட்க வேண்டியது வேறு: இப்போது அந்த மணலில் யார், எந்த மாதத்தில், என்ன செய்கிறார்கள்?

மார்ச் மாதம் அளவெடுக்க வரும் பொறியாளருக்கு வெறும் மணலாகத் தெரியும் மேட்டில்தான், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் ஏறும்போது படகுகளை இழுத்து ஏற்றி வைப்பார்கள். கரைவலை இழுக்க நீளவாக்கில் தடையற்ற கரை வேண்டும். நடுவில் நான்கு சிமெண்ட் இருக்கைகள் போட்டால் போதும், அந்த இடத்தில் வலை இழுப்பது முடிந்த கதை. கருவாடு காயும் இடம், வலை பழுது பார்க்கும் நிழல், விடியற்காலை ஏலம் நடக்கும் திட்டு, திருவிழாவுக்குச் சாமி கடலாட வரும் வழி என்று எல்லாவற்றுக்கும் இடமும் காலமும் உண்டு. ஜனவரி தொடங்கி ஏப்ரல் வாக்கில் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரையாகவும் அது இருக்கலாம். அங்கே உயர்கோபுர விளக்கு எரிந்தால், பொரித்த குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போய்ச் சாகும்.

இவற்றையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். கையால் வரைந்த படம் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடமோ நில அளவைப் பிரிவிலோ புல எண் (சர்வே நம்பர்) உள்ள கிராம வரைபடம் வாங்கி, அதன்மேல் குறியுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு படி, கோடைக்கு ஒரு படி. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிவிட்டால் எல்லோரிடமும் பேசியதாகாது. அங்கே பெரும்பாலும் ஆண்கள்தான் உட்காருவார்கள். மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கரையை நாள் முழுவதும் புழங்குகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் பக்கமும் வரைபடத்தில் வரட்டும்: எந்தத் தெருவில் வண்டி நிற்கிறது, எந்தக் கடைக்கு எந்த நேரத்தில் ஆள் வருகிறது, பஸ் எங்கே சிக்குகிறது.

புல எண்ணை நான் வலியுறுத்தக் காரணம் சட்டம். கடற்கரையில் எங்கே என்ன கட்டலாம், கட்டக் கூடாது என்று மத்திய அரசு வகுக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது. 2011இலும் 2019இலும் புதிதாக வெளியிடப்பட்டது. அதன்படி மாநில அரசு தயாரிக்க வேண்டிய கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தில், மீனவர் கிராமங்களையும் அவர்களது பொதுச் சொத்துகளையும், அதாவது மீன் உலர்த்தும் களம், படகுத்துறை, ஐஸ் ஆலை, சாலை, பள்ளி போன்றவற்றை, புல எண் அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும். மீனவரின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும். 2023இல் தமிழகக் கடலோர மாவட்டங்களில் இந்தத் திட்டத்தின் வரைவு மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, இவை படத்தில் இல்லை என்பதுதான் மீனவர்களின் முக்கியப் புகார். அரசின் படத்தில் இல்லாத களத்தை நாளைக்கு ஒருவர் வேலி போட்டு மறித்தால், அது அங்கே இருந்தது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். ஊர் வரைபடம் அப்போதுதான் உதவும்.

உங்கள் கரை எந்த வகையில் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேரூராட்சிப் பகுதி, ஏற்கெனவே கட்டடம் நெருங்கியது என்று இரண்டாம் மண்டலத்தில் இருக்கலாம். அங்கே இப்போதுள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே புதிய கட்டடம் எழலாம். குப்பங்கள் மூன்றாம் மண்டலத்தில் இருக்கலாம். 2011 அறிவிக்கைப்படி அங்கே உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறும் உச்ச எல்லையிலிருந்து, 200 மீட்டர் வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி. 2019 அறிவிக்கை அதை இரண்டாகப் பிரித்தது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் உள்ள இடங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 200 மீட்டர். இந்த 50 மீட்டர் சலுகையும் புதிய மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே செல்லும். எனவே “எங்கள் புல எண்களுக்கு இன்று நடைமுறையில் உள்ள வரைபடம் எது?” என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நிலம் வாங்கியவர்கள் சொல்வதை நம்பிக் கூட்டத்தில் பேசாதீர்கள்.

மீனவர்களின் பயத்தை வியாபாரிகள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிக் கட்டிய புதிய வீட்டைப் பெற்றால் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னார்கள். அப்படி விட்டுக்கொடுத்த கரைக்கு அருகில் விடுதி எழும்போது, “எங்களை மட்டும் ஏன் தள்ளினீர்கள்?” என்று கேட்பது இயல்பு. இந்தக் கேள்வியை முதல் கூட்டத்திலேயே பேச விடுங்கள். மறைத்தால் மூன்றாவது கூட்டத்தில் சண்டையாக வரும்.

இனி ரிசார்ட். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதிகள் ஏற்கெனவே சொல்வதை ஊர் தன் நிபந்தனையாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். கடலோர விடுதிகளுக்கான வழிகாட்டுதல்கள், இரண்டு விடுதிகளுக்கு இடையே பொதுமக்கள் கரைக்குப் போக குறைந்தது 20 மீட்டர் அகல வழி விடச் சொல்கின்றன. வேலி போட்டாலும் அது பொதுவழியைத் தடுக்கக் கூடாது. மணல் மேட்டைச் சமன் செய்யக் கூடாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் உங்கள் ஊருக்கு உயிர். கடலோர மணலுக்கு அடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. ஆழ்குழாயில் மோட்டார் வைத்து இறைத்தால் கடல்நீர் உள்ளே நகர்ந்து வரும். கெடுவது விடுதியின் கிணறு மட்டும் அல்ல, பக்கத்துக் குப்பத்தின் கைப்பம்பும்தான். விடுதிக்காரர் லாரித் தண்ணீர் வாங்குவார். குப்பத்துக்காரர் என்ன செய்வார்? கோடையிலும் மழைக்குப் பின்னும் ஊர்க் கிணறுகள் சிலவற்றின் உப்புத்தன்மையை இப்போதே அளந்து எழுதி வையுங்கள். அளக்கும் கருவி மலிவு. பின்னால் வரும் வழக்குக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் உண்டாக்கும் விடுதியும் மண்டபமும் தாங்களே பிரித்துக் கையாள வேண்டும் என்று விதி இருக்கிறது. பேரூராட்சி அதைக் கேட்டு வாங்க வேண்டும். கழிப்பறை இல்லாத கரைக்குக் கூட்டத்தை அழைக்காதீர்கள். கடற்கரையில் தற்காலிகக் குடில், கழிப்பறை, உடைமாற்றும் அறை, குளிக்கும் குழாய் ஆகியவற்றை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டராவது தள்ளி அமைக்க 2019 அறிவிக்கை இடம் கொடுக்கிறது. கழற்றி எடுக்கக்கூடியதாகக் கேளுங்கள்.

ஏன் கழற்றக்கூடியது? புதுச்சேரியைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் அங்கே துறைமுக அலைத்தடுப்பு கட்டியபின் அந்த நகர்வு தடைப்பட்டது. நகரத்தின் கடற்கரை கரைந்து கற்குவியல் மிஞ்சியது. அரிப்பு அதோடு நிற்காமல் வடக்கே தமிழகக் குப்பங்களுக்கும் போனது. உங்கள் ஊருக்குத் தெற்கே கல் தடுப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடைபாதையைப் பற்றிப் பேசுங்கள்.

பணம் எங்கே தங்கும் என்பது உங்கள் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி. காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர் தண்ணீர்ப் பாட்டிலையும் தட்டையும் விட்டுப் போவார். செலவு செய்வது குறைவு. சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மாமல்லபுரத்தில் வார இறுதிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: உலகப் பாரம்பரியச் சின்னம் இருந்தும் நெரிசலே முன்னால் நிற்கிறது. இரவு தங்கி, உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டு, உள்ளூர் ஆளோடு படகில் போகிறவர் பத்துப் பேர் வந்தாலும் லாபம். மீனவர் உட்பட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் முகப்பையும் மாற்றாமல் பயணிகளைத் தங்கவைக்க 2019 அறிவிக்கை வழி செய்திருக்கிறது. உங்கள் வீடுகள் இருக்கும் மண்டலத்தில் அது பொருந்துமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களானது நல்ல முன்னுதாரணம். அலையை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? உயிர்காப்பாளர் வேலையையும் குப்பத்து இளைஞர்களுக்கே கேளுங்கள். பழைய வீடுகள் உள்ள ஊரானால் தரங்கம்பாடியைப் போய்ப் பாருங்கள். மணலில் புதிதாகக் கட்டாமல், பழைய கட்டடத்தைப் பழுது பார்த்துத் தங்குமிடமாக்கியிருக்கிறார்கள்.

தள்ளுவண்டிக்காரர்களை “ஆக்கிரமிப்பு” என்று முதலில் துரத்துவார்கள். உங்கள் சங்கத்திலேயே சிலர் கைதட்டுவார்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள். கரையோரம் சுண்டல் விற்கும் பெண்மணியும் திட்டத்தில் ஒரு தரப்பு.

கூட்டத்துக்கு வரம்பு வைக்க முடியுமா என்று பலர் சிரிப்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனம் என்ற உச்சவரம்பும் வந்தது. உங்கள் பேரூராட்சிக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் வண்டி நிறுத்துமிடத்தைச் சாலையோரமாக, கரையிலிருந்து தள்ளி வைத்துவிட்டால் வரம்பு தானாக விழுந்துவிடும். நிறுத்தக் கட்டணம் பேரூராட்சியின் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல், கரைப் பராமரிப்புக்குத் தனிக் கணக்காக வைக்கத் தீர்மானம் கேளுங்கள்.

அரசு ஏற்குமா என்றீர்கள். வெறும் மனுவாகக் கொடுத்தால் கோப்பில் தூங்கும். தீர்மானமாகக் கொடுங்கள். குப்பங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும். பேரூராட்சியில் பகுதி சபை உண்டு. இரண்டிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுவது முக்கியம். எல்லை மாறினாலும் கரை ஒன்றுதானே. நகலை வரைபடத்தோடு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது அதில் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார் என்று தெரிந்துகொண்டு, தீர்மானத்துக்கு முன்பே அவர்களைச் சந்தித்துவிடுங்கள். ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தலாமா என்று சிலர் கேட்பார்கள். வரைபடம் முடிவதற்கு முன்னால் வேண்டாம். முன்னாலேயே வந்தால் அவர்களுடைய படத்தில்தான் உங்கள் ஊர் இருக்கும்.

காலம் ஒன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்காரர்கள் அப்போது கரையில்தான் இருப்பார்கள். நாட்டுப்படகு, கரைவலைக்காரர்களுக்குத் தொழில் உண்டு என்பதால் மாலையில் கூட்டம் வையுங்கள். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரைபட வேலையை முடித்துக்கொண்டால் மே 1 கிராம சபையில் தீர்மானத்தை வைத்துவிடலாம். மழைக்காலப் படியை அந்த நவம்பரில் நேரில் நின்று சரிபார்த்து, அடுத்த தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.