இம்பேக்ட் ரெஞ்ச் இல்லாமல் ஹை-டென்சில் போல்ட்டை மாற்ற முடியுமா?

எண்ணூரில் ஷெட் வேலை எடுத்துச் செய்யும் வாசகர் கேட்கிறார்: “தூணும் ராஃப்டரும் சேரும் இடத்தில் எம்20, 8.8 போல்ட்டுகள் துருப்பிடித்துவிட்டன. கம்ப்ரசரும், காற்றழுத்தத்தால் தட்டித் தட்டி முறுக்கும் இம்பேக்ட் ரெஞ்சும் இல்லை. கையாலேயே கழற்றிப் புதிதாக முறுக்கலாமா? பார்க்க நன்றாக இருப்பதை மறுபடி போடலாமா?”

எம்20 (20 மி.மீ. விட்டம்) வரை கையால் முடியும். 8.8 என்பது போல்ட்டின் பலத்தைச் சொல்லும் தரக் குறி. நட்டை முறுக்கும்போது போல்ட் சற்று நீள்கிறது. அந்த இழுப்புதான் பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கிறது. எம்20, 8.8 போல்ட்டில் வர வேண்டிய இழுப்பு ஏறக்குறைய 14 டன். அதற்குச் சுமார் 450 முதல் 550 நியூட்டன்-மீட்டர் முறுக்கு தேவை. ஸ்பேனரில் பைப் மாட்டி, நட்டிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி 40 கிலோ அளவுக்கு அழுத்தினால் அதை எட்டலாம். எம்24 என்றால் முறுக்கு 1000 நியூட்டன்-மீட்டரை நெருங்கிவிடும். கைப்பலத்தைப் பல்சக்கரங்களால் பெருக்கித் தரும் டார்க் மல்டிபிளையர் இல்லாமல் இறங்காதீர்கள்.

முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சின் அளவை மட்டும் நம்ப வேண்டாம். முறுக்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதி நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. கடலோர உப்புக்காற்றில் சாக்கு மூட்டையில் கிடந்த போல்ட்டில் உராய்வு இன்னும் கூடும். ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லிவிடும், இணைப்பு தளர்வாகவே இருக்கும். கையால் செய்பவருக்கு நட்டைக் கோணம் பார்த்துத் திருப்புவதுதான் பாதுகாப்பு.

முதலில் எல்லா போல்ட்டையும், பிளேட் விறைப்பாக இருக்கும் நடுப்பகுதியில் தொடங்கி வெளி ஓரம் நோக்கி, சாதாரண நீள ஸ்பேனரால் ஒரு ஆள் முழுப் பலம் கொடுத்து இறுக்குங்கள். ஒரு சுற்றோடு விடாதீர்கள்: கடைசி போல்ட் இறுகும்போது முதல் போல்ட் தளர்ந்திருக்கும். பிளேட்டுகளுக்கிடையே சந்து தெரியாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு நட்டு, போல்ட் முனை, பிளேட் மூன்றையும் தொட்டு பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. போல்ட்டின் நீளம் 80 மி.மீ. வரை என்றால் நட்டை மூன்றில் ஒரு சுற்று திருப்புங்கள், அதற்கு மேல் 160 வரை அரைச் சுற்று. ஆறு மூலை நட்டில் இது முறையே இரண்டு மூலை, மூன்று மூலை. தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்தே தீர வேண்டும்; போல்ட்டும் சேர்ந்து சுழன்றால் கோட்டுக் கணக்கு பொய். கெட்டிப்படுத்திய வாஷர் நட்டின் அடியில் இருக்கட்டும். வரைபடத்தில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு.

ஸ்ட்ரக்சுரல் நட்டு சாதாரண எம்20 நட்டைவிடப் பெரியது. 30 ஸ்பேனர் உள்ளே போகாது. ஸ்பேனர் வாங்கப் பாரிமுனைக்குப் போகும் முன் நட்டை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள்.

கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். ராஃப்டருக்கு ஜாக்கி வைத்துப் பாரத்தை இறக்கிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். எந்த இடத்தில் முட்டுக்கொடுப்பது என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு இறுக்கிய பிறகே அடுத்தது. வெளியே நீட்டிய மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். காலையில் ஸ்லாக்கிங் ரிங் ஸ்பேனரை (அடி தாங்கும் தடித்த ஸ்பேனர்) மாட்டி சம்மட்டியால் அடியுங்கள். பைப் போட்டு இழுத்தால், நட்டு திடீரென விடுபடும்போது ஆள் பின்னால் சாய்வார். உயரத்தில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறவே கூடாது. மூலை மழுங்கிவிட்டால் கிரைண்டரால் நட்டின் ஒரு பக்கத்தை மட்டும் அறுத்து, உளியால் பிளக்கலாம். தண்டை அறுக்காதீர்கள்: இழுப்பில் இருக்கும் போல்ட் பாதி அறுந்ததும் படாரென உடைந்து பாயும். போல்ட்டுக்கு நேர்முகமாக யாரும் நிற்கக் கூடாது. கேஸ் கட்டிங் பிளேட்டின் ஓட்டையைக் கெடுக்கும், கால்வனைஸ் பூச்சிலிருந்து புகை கிளப்பும், தவிருங்கள்.

மறுபடி போடுவது வேண்டாம். முழுதாக முறுக்கப்பட்ட போல்ட்டின் மரை நிரந்தரமாக நீண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கால்வனைஸ் செய்ததும், 8.8-ஐவிடப் பலமான 10.9 தரமும் கட்டாயம் புதிதுதான். புதியதன் தலையில் 8.8 குறி, நட்டில் 8 குறி இருக்கிறதா பாருங்கள். ‘இன்னும் பலம்’ என்று கடைக்காரர் 10.9 நீட்டினால் இன்ஜினியரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

ஊறவிட்ட எண்ணெய் பிளேட்டுகளுக்கிடையே கசிந்திருக்கும். உராய்வுப் பிடிப்பில் நிற்கும் இணைப்பு என்றால் அது வழுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணெயே விடாமல் நட்டைப் பிளந்து எடுப்பது நல்லது.