மண்டபத்தில் கரைந்துபோகும் பேஸ் கிட்டார்

“தர்மபுரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் அருமையாக ஒலிக்கிறது. திருமண மண்டபத்தில் அதே அமைப்பில் வெறும் குமுறல்தான் வருகிறது. எந்தச் சுரம் வாசிக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. பேஸ் குமிழைக் கூட்டினால் இன்னும் மோசம். தாழ்ந்த, இடை, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை எப்படி வைப்பது?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

அந்தப் பேஸ் குமிழிலிருந்து முதலில் கையை எடுங்கள். வீட்டில் அதைக் கூட்டத் தோன்றியதற்குக் காரணம் நம் காது. சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகள் மந்தமாகவே கேட்கும். 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் (தாழ்ந்த ஒலி) ட்ரெபிளையும் (உச்ச ஒலி) ஏற்றி, மிட்டை (இடைப்பட்ட ஒலி) இறக்கிவிடுகிறோம். மேடைச் சத்தத்தில் காதின் மந்தம் நீங்கிவிடும். ஏற்றிய பேஸ் மட்டும் அப்படியே நிற்கும்.

உங்கள் தடித்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர் பெட்டி எதுவும் அதை முழுதாக எழுப்புவதில்லை. அதன் மடங்குகளான 82, 124, 165 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்டுத்தான் காது சுரத்தைக் கண்டுகொள்கிறது. கீழ்ப்பகுதியிலோ காலால் அடிக்கும் கிக் டிரம்மும் கீபோர்டின் இடக்கையும் ஏற்கெனவே நெரிசலிடுகின்றன. பேஸ் கிட்டார் தனித்துத் தெரிய 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட் பகுதி வேண்டும். தனியாக வாசிக்கும்போது அது மூக்கடைத்ததுபோல் கேட்கும். பலர் அதனாலேயே அதைக் குறைத்துக் குழுவுக்குள் காணாமல் போகிறார்கள். குழுவோடு வாசிக்கும்போது கேட்பதை மட்டுமே நம்புங்கள்.

எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். மிகப் பலமாக விரல் படும்போது மட்டும், ஒலி சிதைவதை எச்சரிக்கும் கிளிப் விளக்கு மினுங்கும் அளவுக்கு, உள்வரும் ஒலியின் அளவைக் கூட்டும் கெயின் குமிழை ஏற்றி, பிறகு சற்றே இறக்குங்கள். குழு முழுவதும் வாசிக்கும்போது பேஸைச் சிறிது குறைத்து மிட்டைக் கூட்டுங்கள். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு திறனைக் கொட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மிட்டின் அதிர்வெண்ணை நகர்த்தும் குமிழ் இருந்தால், அளவை நன்றாக ஏற்றிக்கொண்டு மெல்ல நகர்த்துங்கள். எங்கே குமுறல் சகிக்க முடியாமல் போகிறதோ, பெரும்பாலும் 200, 250 ஹெர்ட்ஸ் அருகில், அங்கே அளவைக் குறையுங்கள். கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிப்பவருக்குத்தான் ட்ரெபிள் அதிகம் தேவை.

பெட்டியை வைக்கும் இடத்தை ஈக்வலைசரைவிட முக்கியமாகக் கருதுகிறேன். மூலையில் வைத்தால் இரு சுவர்களும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைப் பெருக்கிவிடும். முன்னால் இழுங்கள், உறுதியான மேசைமேல் ஏற்றி, உங்கள் காதுக்கு நேராகத் திருப்புங்கள். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. கல் பாவிய தரையும் வெற்றுச் சுவரும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை. கூட்டம் நிரம்பினால் மிட்டும் ட்ரெபிளும்தான் உடைகளிலும் உடல்களிலும் அடங்கும். குமுறல் அவ்வளவாகக் குறையாது. ஆகவே காலி மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது ஒலி கூர்மையாக இருந்தாலும் மிட்டைக் குறைக்காதீர்கள்.

மிக்சருக்குப் போகும் லைனில் ‘ப்ரீ’ (ஈக்வலைசருக்கு முன்), ‘போஸ்ட்’ (ஈக்வலைசருக்குப் பின்) என்ற சுவிட்ச் இருந்தால் ‘ப்ரீ’யில் வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்காகச் செய்த திருத்தம் அரங்குக்குத் தேவையில்லை. கீபோர்டின் தாழ்ந்த பகுதியை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லி மைக்செட்காரரிடம் கேளுங்கள். உங்கள் குமிழ்கள் எதுவும் தராத தெளிவு அதில் கிடைக்கும்.

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் போன்ற திறந்தவெளியில் வாசிக்க நேர்ந்தால் கதை வேறு. ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரே இல்லை. பேஸை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், கொஞ்சம் தாண்டினாலும் பாதகமில்லை. மிட்டை அங்கேயும் குறைக்காதீர்கள்.

கிட்டாருக்குள் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் நிகழ்ச்சிக்கு முன் மாற்றுங்கள். அது தீரும் நிலையில் ஒலி கரகரக்கும். அதை எந்த ஈக்வலைசராலும் சரிசெய்ய முடியாது.