கோஹென்: ஒரு பதவி குடும்பப்பெயர் ஆன கதை

யூதப் பெயர்களைப் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரே பெயரைச் சுற்றியவை. அதனால் இந்த முறை லேவி, பெரெட்ஸ் எல்லாம் காத்திருக்கட்டும்.

தமிழ்ச் செய்திகளில் கோஹன், கோஹென், கோவன் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எது சரி?

எபிரேயத்தில் கோஹென். அழுத்தம் கடைசி அசையில் விழும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் இருக்கும் ‘ஹ’வை விழுங்கி, அழுத்தத்தை முதல் அசைக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் காதில் ‘கோவன்’ என்று விழுகிறது. இரண்டும் தவறில்லை, பேசுகிறவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. நான் எபிரேய ஒலியையே எழுதுகிறேன்.

பெயருக்கு என்ன பொருள்? எவ்வளவு பழையது?

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது. பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆசாரியன்’ என்றும் கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘குரு’ என்றும் வருவது மூலத்தில் கோஹென்தான். மோசேயின் அண்ணன் ஆரோனும் அவர் மகன்களும் இந்தப் பணிக்கு ஏற்படுத்தப்படுவதை யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் சொல்கிறது. பலி செலுத்துவதும் மக்களை ஆசீர்வதிப்பதும் அவர்கள் வேலை. அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று இறங்கும் உரிமை இது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் யூதரா என்பதை மரபுப்படி தாய்வழி பார்த்துச் சொல்வார்கள். கோஹெனா என்பதைத் தந்தைவழி பார்த்துத்தான் சொல்வார்கள்.

சரி, பதவி பழையது. குடும்பப்பெயர்? அது வேறு கதை. ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலானவர்களுக்கு நெடுங்காலம் நிலையான குடும்பப்பெயரே கிடையாது. நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயரோடு நின்றுவிடும்: மோஷே பென் யாக்கோவ், அதாவது யாக்கோபின் மகன் மோசே. ஆசாரிய வம்சமானால் கடைசியில் ‘ஹகோஹென்’ (அந்த ஆசாரியன்) என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். ஜெப ஆலயத்தில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள், வாசிக்க அழைக்கும்போது இன்றைக்கும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அப்புறம் அரசாங்கங்கள் வந்தன. வரி வாங்கவும் படைக்கு ஆள் பிடிக்கவும் பதிவேட்டில் நிலையான பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இலும் நெப்போலியன் 1808இலும், யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார்கள். பல குடும்பங்கள் ஊர்ப்பெயரையோ தொழில்பெயரையோ தேடிக்கொண்டன. ஆசாரிய வம்சத்தாருக்கு அந்தச் சிரமம் இல்லை. பெயரின் வாலில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கத்து யூதர்களிடம் குடும்பப்பெயர் வழக்கம் இதற்கெல்லாம் வெகு முன்பே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கான், கட்ஸ், ககான், கப்லான் எல்லாம் கோஹென்தானா?

பெரும்பாலும் ஆம், ஆனால் வழி வெவ்வேறு. ஜெர்மன் பேசும் பகுதியில் கோஹென் ‘கான்’ ஆனது. ரஷ்ய மொழியில் ‘ஹ’ ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது; அந்த இடத்தில் வல்லொலி ‘க’ வந்து உட்காரும். அதனால் கோகன், ககான். ‘ஓவிச்’ சேர்த்தால் ககானோவிச், ஸ்டாலினின் வலதுகையாக இருந்த லாசர் ககானோவிச்சின் பெயர். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி எலனா ககானின் பெயரும் இதே வேர்தான். கப்லான் என்பது கிறிஸ்தவப் பாதிரியாரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கோஹெனை அக்கம்பக்க மொழியில் மாற்றிச் சொன்னது.

எனக்குப் பிடித்தது கட்ஸ். பார்த்தால் ஜெர்மன் மொழிப் பூனை போலிருக்கும். ஆனால் ‘கோஹென் ட்ஸெடெக்’, நீதியுள்ள ஆசாரியன், என்பதன் முதல் எழுத்துகளைச் சேர்த்த சுருக்கம் அது.

இனி எச்சரிக்கை. அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தை வடிவமைத்த லூயி கானை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டோனியாவிலிருந்து அமெரிக்கா போன குடும்பம் அவருடையது. பிறந்தபோது பெயர் ஷ்முயிலோவ்ஸ்கி. அமெரிக்காவில் அப்பா மாற்றிய பெயர்தான் கான். பெயரை வைத்து வம்சம் சொல்லப் புறப்பட்டால் இப்படித்தான் சறுக்கும்.

ஒலி ஒற்றுமையும் ஏமாற்றும். 1619இல் படேவியாவை (இன்றைய ஜகார்த்தா) நிறுவிய யான் பீட்டர்ஸோன் கூன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனி. ரோமன் எழுத்தில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு யூதர் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. அது கூன்ராட் என்ற பெயரின் குறுக்கம், அவ்வளவே.

கோஹென் என்று பெயர் இருந்தால் இன்றைக்கும் ஆசாரியரா? கோயில் இடிந்து போய்விட்டதே?

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் ரோமர் கையில் அழிந்தது. பலி நின்றது. வம்சம் நிற்கவில்லை. தோரா வாசிக்க முதல் அழைப்பு இன்றும் கோஹெனுக்குத்தான். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால், ஒரு மாதம் ஆனதும் ஐந்து வெள்ளிக் காசு கொடுத்துக் குழந்தையை ‘மீட்கும்’ சடங்கு உண்டு. காசை வாங்கிக்கொள்பவர் கோஹென். எண்ணாகமம் 6ஆம் அதிகார ஆசீர்வாதத்தைச் சபையில் கைநீட்டிச் சொல்வதும் அவர்களே. விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து வைக்கும் அந்தக் கைச்சைகையைக் கல்லறைக் கற்களில் செதுக்கியிருப்பார்கள். ஸ்டார் ட்ரெக் தொடரில் ஸ்போக் காட்டும் வணக்கமும் அதுதான். நடிகர் லெனார்ட் நிமாய் சிறுவயதில் பாஸ்டன் ஜெப ஆலயத்தில் பார்த்ததைக் கொண்டுவந்தார். பாடகர் லெனார்ட் கோஹென் 2009 செப்டம்பரில் இஸ்ரேலின் ராமத் கான் அரங்கில் கச்சேரி முடித்தபோது, இதே ஆசீர்வாதத்தை எபிரேயத்தில் சொல்லித்தான் கூட்டத்தை அனுப்பிவைத்தார். இடையில் அவர் பௌத்தத் துறவியாகவும் தீட்சை பெற்றிருந்தார் என்பது உபரித் தகவல்.

சலுகை இருக்கிற இடத்தில் தடையும் இருக்கும். லேவியராகமம் 21இன்படி நெருங்கிய உறவினர் தவிர வேறு இறந்தவர் பக்கம் போகக்கூடாது. கடைப்பிடிக்கிறவர்கள் கல்லறைக்குள் கால் வைக்கமாட்டார்கள். விவாகரத்தான பெண்ணை மணக்கவும் முடியாது. இஸ்ரேலில் யூதத் திருமணம் மதகுருமார் கையில் இருப்பதால், இது ஏட்டுச் சட்டமாக நின்றுவிடவில்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஹைம் கோஹன் விவாகரத்தானவரை மணக்க நியூயார்க் போகவேண்டியிருந்தது. இன்று இப்படிப்பட்ட ஜோடிகள் பக்கத்திலிருக்கும் சைப்ரஸ் போய்ப் பதிவுசெய்துகொண்டு திரும்புகிறார்கள்.

ஆனால் இதெல்லாம் வம்சத்துக்கு, பெயருக்கு அல்ல. கோஹென் என்ற பெயர் இருந்தும் வம்சம் இல்லாதவர்கள் உண்டு. வேறு பெயரோடு வம்சம் உள்ளவர்களும் உண்டு.

டிஎன்ஏ சோதனையில் ஆரோன் வம்சம் நிரூபணமாகிவிட்டதாமே?

இல்லை. கார்ல் ஸ்கோரெக்கி என்ற சிறுநீரக மருத்துவர், தானும் ஒரு கோஹென். ஜெப ஆலயத்தில் வட ஆப்பிரிக்க வழிவந்த இன்னொரு கோஹெனைப் பார்த்தபோது, இருவருக்கும் ஒரே மூதாதை என்றால் தந்தைவழி ஒய் குரோமோசோமில் தடயம் இருக்கவேண்டுமே என்று அவருக்குத் தோன்றியது. 1997இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, கோஹென்களிடம் சில மரபணு அடையாளங்கள் மற்ற யூதர்களைவிட அதிகம் என்று காட்டியது. யூத வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் தென்னாப்பிரிக்க லெம்பா மக்களின் புபா குலத்திலும் அந்த வகை பின்னால் தென்பட்டது. பழைய தந்தைவழித் தொடர்பு பலருக்கு இருக்கிறது என்பதுவரை சரி. எல்லோருக்கும் இல்லை; யூதரல்லாத மத்தியகிழக்கு மக்களிடமும் நெருங்கிய வகைகள் உண்டு. அந்த மூதாதையின் பெயர் ஆரோன் என்று எந்தக் குரோமோசோமும் சொல்லாது. பணம் வாங்கிக்கொண்டு ‘நீங்கள் கோஹென்’ என்று சான்றிதழ் தருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இஸ்ரேலில் அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் இதுதானா?

ஆம், அடுத்த இடம் லேவி. காரணம் எளிது. மற்றக் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நாட்டையோ பகுதியையோ சேர்ந்தவை. இது போலந்து யூதரிடமும் மொராக்கோ யூதரிடமும் ஏமன் யூதரிடமும் தனித்தனியே இருந்து, குடியேற்றத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. எபிரேயப் பெயருக்கு மாறிய இஸ்ரேல் பிரதமர்களையே பாருங்கள்: டேவிட் க்ரூன் பென்-குரியன் ஆனார், ஷிமோன் பெர்ஸ்கி பெரெஸ் ஆனார்; கோஹென்களுக்கு எபிரேயப் பெயர் தேடும் வேலையே இல்லை. துனிசியாவின் ஜெர்பா தீவில் கோஹென்களே நிறைந்த ஒரு யூதக் குடியிருப்பு இருந்தது. நமக்குப் பக்கத்தில் என்றால் கொச்சி மட்டாஞ்சேரியில் பூவேலைத் துணிக்கடை வைத்திருந்த சாரா கோஹென், 2019இல் காலமானார்.

டொராண்டோவில் இருக்கிறோம். மகனுக்குக் கோஹென் என்று பெயர் வைக்க ஆசை. வைக்கலாமா?

சட்டத்தில் தடை இல்லை. வட அமெரிக்காவில் யூதரல்லாத பலர் இதை முதற்பெயராக வைக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குமேல் ஆகிறது. ஆனால் பல யூதர்களுக்கு இது உறுத்தும். ஒரு வம்சத்தின் புனிதப் பொறுப்பை ஓசை நன்றாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டதாகப் படும். டொராண்டோவில் யூதர்கள் கணிசம், பையனின் வகுப்பிலேயே இருப்பார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். எபிரேயப் பெயர்தான் வேண்டுமென்றால் ஆரோன் இருக்கிறதே, எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்; உங்கள் அம்மாவுக்குக் கூப்பிடவும் சுலபம்.