நான்கு இறக்கையும் ஒரே நீளம்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காக ஜாம்பியாவில் என்டோலாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது வயது மகனுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். அவனோ நாள் முழுக்கப் பூச்சிகளின் பின்னால் திரிகிறான். நவம்பரில் முதல் மழை பெய்த அன்று கூட்டமாகப் பறந்து வந்தவற்றைப் பிடித்து, “நான்கு இறக்கையும் ஒரே நீளம், இது எறும்பு இல்லை” என்று நோட்டில் எழுதினான். இங்கே எல்லோரும் பறக்கும் எறும்பு என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் சிவப்பு மையால் திருத்தினேன். மறுநாள் பக்கத்து வீட்டில் அவற்றை வறுத்துக் கொடுக்க, தின்றுவிட்டு வந்தான். அருவருப்பில் வாயைக் கழுவவைத்துத் திட்டினேன். ஊர் திரும்பினால் படிப்பில் பின்தங்கிவிடுவானோ? எந்தப் பாடத்திட்டம் நல்லது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

பாடத்திட்டம் எதுவாகவும் இருக்கட்டும். பையன் பின்தங்க மாட்டான். அந்தச் சிவப்பு மைதான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

அவன் எழுதியது சரி, நீங்கள் திருத்தியது தவறு. எறும்புக்கு முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை, இடுப்பும் ஒடுங்கியிருக்கும். அவன் பிடித்தது ஈசல், இறக்கை முளைத்த கரையான். கரையானுக்கு உறவு கரப்பான், எறும்பல்ல. அந்த இனத்துக்கு அறிவியலார் வைத்த ‘ஐசாப்டெரா’ என்ற பெயருக்கே ‘சம இறகு’ என்றுதான் பொருள். புத்தகத்தைத் தொடாமல், வெறும் கண்ணால் அந்தப் பெயர்வரை போய்விட்ட பிள்ளையின் வரியை ஊர் சொல்கிறது என்பதற்காக அடித்துவிட்டீர்களே! ஒரு முறை பூச்சியைக் குனிந்து பார்த்திருக்கக் கூடாதா?

ஐப்பசி மழை விட்ட அந்திகளில் என் பாட்டி புற்றருகே குழி தோண்டி விளக்கு வைப்பார். விழுந்த ஈசலை முறத்தில் புடைத்து, அரிசியோடு வறுத்துத் தருவார். கரையான் புற்றிலிருந்துதான் ஈசல் வருகிறது என்று அங்கே கண்டதை ஐந்தாம் வகுப்பில் எழுதினேன். ஆசிரியர் குறுக்கே கோடு போட்டு, ஈசல் வேறு கரையான் வேறு என்றார். அதன்பின் கண்டதை எழுதும் துணிவு வர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அருவருப்பு என்கிறீர்கள். செம்புற்று ஈயலை, அதாவது ஈசலை, மோரில் புளிக்கவைத்த உணவைப் புறநானூற்றில் கபிலர் நாட்டின் வளமாகவே பாடுகிறார். ஜாம்பியாவின் பெம்பா மக்கள் ஈசலை இன்ஸ்வா என்கிறார்கள். தன் பிள்ளைகளின் பங்கில் உங்கள் பிள்ளைக்கும் கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய் நன்றி சொல்லுங்கள். ஆளுயரம் தாண்டி நிற்கும் அங்குள்ள புற்றுகளைப் பற்றியும் கேளுங்கள். உள்ளே கரையான்கள் காளான் பயிரிடுகின்றன. மழைக்காலத்தில் சாலையோரம் விற்கும், ஒரு மீட்டர்வரை விரியும் குடைக்காளான் அந்தத் தோட்டத்தில் முளைத்ததுதான்.

இன்று மாலையே அவன் முன்னால் நோட்டை எடுத்து உங்கள் திருத்தத்தை நீங்களே அடித்துவிடுங்கள். இறக்கை உதிர்த்த ஈசல்கள் இரண்டிரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். முன்னால் போவது பெண். அடுத்த மழைக்கு அவனோடு நீங்களும் தரையில் உட்காருங்கள். முன்னால் போவது பெண் என்பதை மட்டும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.