இத்தனை கைமாறிய கோட்டையில் பழையது மிஞ்சியிருக்குமா?

கேள்வி: ஜெர்மனியில் ரைன் நதிக்கரையைப் பார்க்க எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அசல் இடைக்காலக் கோட்டை ஒன்றையாவது பார்த்துவிட ஆசை. மார்க்ஸ்பர்க் கோட்டை பல பேரிடம் கைமாறியதாகப் படித்தேன். அங்கே பழையது ஏதாவது மிஞ்சியிருக்குமா? அல்லது ரைன்ஸ்டைன் கோட்டைக்குப் போகலாமா?

பதில்: தயங்காமல் மார்க்ஸ்பர்க் போங்கள். கைமாறுவதால் மட்டும் ஒரு கோட்டை கெட்டுவிடாது. வாங்கியவர் அதை என்ன செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும். 1823இல் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசின் இளவரசர் பிரெடரிக் வாங்கியபோது ரைன்ஸ்டைன் வெறும் இடிபாடு. தன் காலத்து ரசனைப்படி அதை எடுத்துக் கட்டினார். அழகான இடம்தான், ஆனால் அங்கே உங்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு.

மார்க்ஸ்பர்க் கதை வேறு. பிரௌபாக் என்ற சிற்றூருக்கு மேலே, குன்றின் உச்சியில் இருக்கிறது. எப்ஸ்டைன் பிரபுக்களிடமிருந்து 1283இல் காட்செனெல்ன்போகன் குடும்பத்து எபர்ஹார்ட் இதை வாங்கினார். ரைனில் போகும் படகுகளிடம் சுங்கம் வாங்கியே செழித்த குடும்பம் அது. 1479இல் ஆண் வாரிசு இல்லாமல் போக, சொத்து மகளைக் கட்டிக்கொடுத்த ஹெஸ்ஸன் வம்சத்துக்குப் போனது. அவர்கள் பீரங்கி மேடைகளைச் சேர்த்தார்கள்.

1803இல் நசாவ் அரசு கைக்கு வந்ததும் கோட்டை சிறைச்சாலையானது, ஊனமுற்ற படைவீரர்களின் விடுதியுமானது. கேட்கவே வருத்தமாக இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், கோட்டையைக் காப்பாற்றியதில் அந்தக் காலத்துக்கும் பங்கு உண்டு. ஆள் குடியிருந்ததால் கூரை விழவில்லை. மாளிகையாக மாற்றும் ஆசை யாருக்கும் வரவில்லை. 1866இல் நசாவையே பிரஷ்யா இணைத்துக்கொண்டது. அப்புறம் 1900இல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் 1,000 தங்க மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம்) இதை வாங்கியது. கட்டடக்கலைஞர் போடோ எபார்ட் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தார். 1945 மார்ச்சில் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகள் விழுந்து சேதமானது, பிறகு பழுதுபார்த்தார்கள். ஆகவே ஒவ்வொரு கல்லும் பழையது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரைனின் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருபோதும் தகர்க்கப்படாத மலைக்கோட்டை இது ஒன்றுதான்.

உள்ளே நுழைந்ததும், பாறையிலேயே வெட்டிய மேடுபள்ளமான படிகளில் ஏறுவீர்கள். குதிரைவீரர்கள் ஏறிய வழி. அங்கே சுவரைப் பாருங்கள்: உரிமையாளர்களின் சின்னங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். நீங்கள் படித்த அத்தனை கைமாற்றமும் அந்த ஒரே சுவரில் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கோட்டைக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், அதனால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிரௌபாக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஏறலாம், நல்ல ஏற்றம். வழுக்காத ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் அந்தப் பாறைப் படியில் கவனம்.